இடது ஓரத்துக்கு ஆள்

ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு வெர்ன் கோவாச் மைதானத்துக்குள் ஓடினான். உள்ளே வெள்ளரிக்காய் ஊறின புளிப்புத் தண்ணீர் தளும்பியது. இடது ஓரத்தில், எல்லைக்கோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே, டெலானோ விட்ஃபீல்ட் மல்லாந்து கிடந்தான்.

"எந்தக் கால்? கெண்டைச் சதைதானே?"

"அதைத் தூர எடு."

"ஒரே மடக்கு. உடனே விட்டுடும்."

"வெர்ன், இது சதை இல்ல. முட்டி. உள்ள என்னமோ டப்புனு போச்சு. எனக்கே சத்தம் கேட்டுது."

கோச் லூ சாண்டரெல்லி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு அவர் ஓடிவந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"எந்திரிக்க முடியுமா?"

"முடிஞ்சா படுத்துக்கிட்டா பேசுவேன்?"

இரண்டு பேர் தோள் கொடுத்து டெலானோவை வெளியே கொண்டுபோனார்கள். அவன் இடது கால் தரையில் படவே இல்லை. வெர்ன் ஜாடியோடு பார்த்துக்கொண்டு நின்றான். லூ திரும்பினார்.

"என்ன கோவாச், வேடிக்கையா? அதைக் கீழ வெச்சுட்டு ஹெல்மெட்டை மாட்டு."

மாட்டினான். மீதி ஆட்டம் முழுக்க இடது ஓரத்தில் நின்றான். கெல்சி லேண்டிங் அணி ஜெயித்தது. அடுத்த சனிக்கிழமை சொந்த மைதானத்தில் வில்லபி ஊர் அணியோடு கடைசி ஆட்டம். அதை ஜெயித்தால் கோப்பை. கோப்பை இந்த ஊருக்கு வந்ததே இல்லை.

கெல்சி லேண்டிங் ஒஹாயோ ஆற்றங்கரையில் இருக்கிறது. ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடுகிறவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிறவர்கள். கூரை வேய்கிறவன், லாரி ஓட்டுகிறவன், டெலானோ மாதிரி சிறைக்காவலன். வெர்ன் சாலைப் பராமரிப்பில் இருந்தான். பனி விழுந்தால் அதைத் தள்ளுகிற வண்டி ஓட்டுவான். மற்ற நாட்களில் குழி அடைப்பான், வடிகால் திறப்பான். முப்பத்துநாலு வயது. பருத்த உடம்பு, நீண்ட கைகள். வேகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

அவன் ஆடிய இடத்துக்கு அவுட்சைடு லைன்பேக்கர் என்று பெயர். ஊரில் சுருக்கமாக ஓரம் என்பார்கள். பந்தை விலாவில் இடுக்கிக்கொண்டு வருகிறவன் கூட்டத்தைச் சுற்றி எல்லைக்கோட்டோரமாக ஓடப் பார்ப்பான். அவனை வெளியே விடாமல் உள்பக்கம் திருப்பிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. உள்ளே தடித்தடியாக நாலு பேர் காத்திருப்பார்கள், அமுக்கிவிடுவார்கள். அமுக்கினவன் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வார்கள். திருப்பிவிட்டவன் பெயரைச் சொல்லும் வழக்கம் இல்லை.

அந்த இடத்திலும் வெர்ன் இரண்டாவது ஆள். அவன் அணியில் சேர்ந்ததற்கு முந்தின வருஷம் டெலானோ சேர்ந்துவிட்டான். அதனால் இடது ஓரம் டெலானோவுடையது. பயிற்சியில் வெர்ன் எதிரணி ஓட்டக்காரனாக வேஷம் போடுவான். டெலானோ அவனை உள்ளே திருப்புவான், நாலு பேர் அமுக்குவார்கள். ஆட்ட நாளில் வெர்ன் பெஞ்சில் உட்கார்ந்து டெலானோவின் குதிகால்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். எப்போது எடையை மாற்றுகிறான், எப்போது பொறுத்து நிற்கிறான். வேலையை அப்படித்தான் கற்றுக்கொண்டான்.

ஆட்டத்தின் நாலு பாகங்களில் மூன்றாவதில் அவன் முறை வரும். டெலானோவின் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். குனிந்து காலைப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்குவான். வெர்ன் உள்ளே போவான். ஏழெட்டு முறை பந்து எடுக்கப்படும் வரைக்கும் அந்த ஓரம் அவனுடையது. பிறகு டெலானோ காலை உதறிக்கொண்டு வருவான். தவறாமல் எல்லா ஆட்டத்திலும் இப்படி. புளிப்புத் தண்ணீர் குடித்தால் சதைப்பிடிப்பு விடும் என்று யாரோ சொன்னதிலிருந்து வெர்ன் ஜாடி கொண்டுவர ஆரம்பித்தான். அவன் மனைவி டாரீன் வீட்டிலேயே வெள்ளரிக்காய் ஊறவைப்பாள். ஆட்டத்துக்கென்று ஒரு ஜாடி தனியாக எடுத்துவைப்பாள். டெலானோ கண்ணை இறுக்கி மூடி இரண்டு மடக்கு குடிப்பான். வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளை நீ இருக்கே" என்பான்.

இதுதான் வெர்னின் கடைசி ஆட்டப் பருவம். வலது தோள் கழன்று கழன்று சேர்ந்ததில் டாக்டர் போதும் என்று சொல்லிவிட்டார். லூவுக்கும் டாரீனுக்கும் மட்டும் தெரியும். ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. கடைசி ஆட்டத்தில், தொடக்கத்தில் இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். குடும்பங்கள் இரண்டு வரிசையாக நிற்க, நடுவே தனியாக ஓடிவர வேண்டும். மற்றவர்கள் கடைசியில் கும்பலாக வருவார்கள். வெர்ன் எல்லா வருஷமும் கும்பலில் வந்தவன். அதைப் பற்றி அவன் வாய்திறந்ததில்லை. டாரீன்தான் ஒருமுறை சொன்னாள்: "அந்தக் கும்பல்ல உன்னைத் தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோகுது."

செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு முன்னால் லூ தன் வேனின் பின்கதவைத் திறந்தார். அவர் வெந்நீர்க் கொதிகலன் பழுதுபார்ப்பவர். குழாய்ச் சாமான்களை வேன் தரையில் பரப்பி, ஒவ்வொன்றையும் ஒரு ஆளாக நிறுத்தினார். நடுவே பெரிய வால்வுகள். வலது ஓரத்தில் ஒரு கனமான இணைப்பு, அது கஸ் ஓரவெக். இடது ஓரம் காலி.

"வில்லபில அந்த அஞ்சாம் நம்பர் இருக்கான்ல? சுத்திக்கிட்டு ஓடறதுதான் அவன் பொழப்பே. இங்கதான் வருவான்." காலியிடத்தில் விரலால் தட்டினார். "கஸ்ஸை இந்தப் பக்கம் மாத்தினா அந்தப் பக்கம் ஓட்டை. ஓரத்துக்கு ஆளே வேணாம், பின்னாடி ஒருத்தனைக் கூட்டி நிறுத்துவோம்னா, நடுவுல பொளந்துடுவானுங்க. மிச்சம் ரெண்டு பேரு."

பளபளப்பான புது வால்வு ஒன்றை எடுத்து வைத்தார். பக்கத்தில் மரை தேய்ந்த பழைய முழங்கைக் குழாய் ஒன்று.

"அது நானா?" என்றான் வெர்ன்.

"கைல வந்ததை எடுத்தேன்பா."

"புதுசு உங்க கைல வரலையா?"

கஸ் சிரித்தான். புது வால்வு கைலர் ஸ்ட்ரவுட். கல்லூரி அணியில் ஆடிவிட்டு இந்தப் பருவத்தின் நடுவில் வந்து சேர்ந்தவன், இருபத்துமூன்று வயது. பயிற்சிக்குப் பாதி நாள் வரமாட்டான். வந்தால் பறப்பான். அன்றைக்கும் வந்திருக்கவில்லை.

"என்னைக் கேட்டா கைலரைத்தான் நிறுத்துவேன்" என்றார் லூ. "மூஞ்சிக்கு நேராவே சொல்லிடறேன் கோவாச். அஞ்சாம் நம்பர் கூட ஓட அவனாலதான் முடியும். ஆனா என்னை யாரு கேக்கப்போறா?"

யாரும் கேட்கமுடியாது. ஊரில் உருக்காலை இருந்தபோது அங்கே ஒரு வழக்கம். ஷிஃப்டுக்கு வரமுடியாதவன் தன் இடத்துக்குத் தானே ஆள் சொல்ல வேண்டும். ஏன் வரவில்லை என்று மேஸ்திரி கேட்கமாட்டார். ஆள் யார் என்றுதான் கேட்பார். சொன்ன ஆள் சொதப்பினால் சொன்னவன் தலை உருளும். ஆலைக்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்த அணி இது. ஆலை மூடிய பிறகும் வழக்கம் அணியில் தங்கிவிட்டது. அடிபட்டவன் வியாழக்கிழமைப் பயிற்சிக்கு நேரில் வந்து எல்லார் முன்னாலும் பெயர் சொல்ல வேண்டும். கோச் திட்டலாம், மாற்ற முடியாது. அதற்கு முன்னால் யாரும் அடிபட்டவனிடம் போய்த் தன்னைச் சொல்லும்படி கேட்கக்கூடாது. கேட்டவனுக்கு அந்த இடம் கிடையாது.

புதன்கிழமை மாலை டாரீன் கோஸ் இலையில் இறைச்சியைச் சுருட்டி வேகவைத்து ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கட்டினாள்.

"டெலானோ வீட்டுல கொடுத்துட்டு வா."

"நாளைக்குக் கொடுக்கலாம்."

"நாளைக்கு ஆறிப்போயிடும்."

"டாரீன், இன்னிக்கு நான் அங்க போகக்கூடாது. ஊர் என்ன பேசும்?"

"அடிபட்டுக் கெடக்கறவனுக்குச் சோறு கொண்டுபோறது ஓட்டு கேக்கறதாய்யா? அப்படிச் சொல்றவனை இங்க அனுப்பு, நான் பேசிக்கறேன்."

வண்டியை இரண்டு வீடு தள்ளி நிறுத்திவிட்டுப் பாத்திரத்தோடு நடந்தான். அப்படி நிறுத்தியதே திருட்டுத்தனமாக இருப்பதாகப் பாதி வழியில் பட்டது. திரும்பிப் போய் வாசலிலேயே நிறுத்தினான்.

டெலானோவின் மனைவி ஐவனெட் கதவைத் திறந்தாள். டெலானோ சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக் கிடந்தான். முட்டியில் பனிக்கட்டிப் பை.

"வந்துட்டியா ஓட்டு கேக்க?"

"கோஸ் சுருட்டல் கொண்டு வந்தேன்."

"லஞ்சமா! ஐவனெட், இவனை உள்ள விடாதே. பாத்திரத்தை மட்டும் வாங்கிக்க."

ஐவனெட் சமையலறையில் துணி முடிச்சை அவிழ்த்தாள். பாத்திரத்தின் பக்கத்தில் ஒரு ஜாடி இருந்தது. டாரீன் பழக்கத்தில் அதையும் வைத்துக் கட்டியிருக்கிறாள்.

"இதை நீ திருப்பி எடுத்துட்டுப் போயிடு வெர்ன். இந்த வீட்டுல இது ஆகாது. அந்த வாடை பட்டாலே இவருக்குக் குமட்டும். கல்யாணமான புதுசுல ஒருநாள் கார்ல ஒரு துண்டு தின்னேன், வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்த மனுஷன்."

"வாரா வாரம் குடிக்கிறானே" என்றான் வெர்ன்.

"யாரு?"

"கெண்டைக்கால் இழுத்துக்குதே, அதுக்கு."

"யாருக்கு இழுத்துக்குது?"

இரண்டு பேரும் டெலானோவைப் பார்த்தார்கள். டெலானோ தொலைக்காட்சியில் சோப்பு விளம்பரத்தை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இத்தனை வருஷத்துல இவருக்குக் கெண்டைக்கால் இழுத்து நான் பாத்ததே இல்லையே" என்றாள் ஐவனெட்.

வெர்ன் உட்கார்ந்தான்.

"டெல்."

"என்ன?"

"ஒரு தடவைகூட இழுக்கலையா?"

டெலானோ தொலைக்காட்சியை அணைத்தான்.

"உன் பொண்ணு பொறந்த வருஷம். மழை. டாரீன் அதைப் போர்வைல சுத்தி மடியில வெச்சுக்கிட்டு நனைஞ்சுக்கிட்டிருந்தா. நீ பெஞ்சுல. உன்னைப் பாக்க வந்த ரெண்டு பேரு மழைல, நீ பெஞ்சுல. எனக்கு என்னமோ மாதிரி இருந்துது. காலைப் புடிச்சுக்கிட்டேன், கையைத் தூக்கினேன்."

"பாவம் பாத்தே."

"ஆமா, பாவந்தான். அன்னிக்கு. உக்காந்தேன், நீ ஆடினே. நாலாம் பாகத்துக்கு எந்திரிச்சுப் போனா எனக்குக் கால் இருக்குடா! அதுவரைக்கும் நாலாம் பாகத்துல எனக்குக் காலே இருந்ததில்ல, சும்மா நின்னுக்கிட்டிருப்பேன். அடுத்த வாரமும் தூக்கினேன். அது உனக்காகன்னு நெனச்சியா? இந்த முட்டி எப்பவோ போயிருக்க வேண்டியது. டாக்டரே சொன்னாரு, இவ்வளவு நாள் தாங்கினதே அதிசயம்னு. அதிசயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ நின்னே, நான் உக்காந்தேன்."

"லூகிட்ட ஓய்வு கேட்டிருக்கலாமே."

"கேட்டா குடுப்பாரா? 'ஆலையில எவன்டா ஓய்வு கேட்டான்'னு எங்க தாத்தன் காலத்துலேர்ந்து ஆரம்பிப்பாரு."

"சரி, அந்தத் தண்ணியை எதுக்குடா குடிச்சே?"

"நீ அவ்வளவு அக்கறையா கட்டிப்புடிச்சுக்கிட்டு ஓடி வருவே. என்ன பண்ணச் சொல்றே?"

ஐவனெட் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். வெர்னுக்குச் சிரிப்பு வரவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"நாளைக்குப் பாவம் பாத்து என் பேரைச் சொல்லிடாதே."

"நாளைக்கு என் வாயில என்ன வருதோ அது. நீ மொதல்ல கெளம்பு. இதுக்கு மேல உக்காந்தா நெஜமாவே ஓட்டு கேட்டதாயிடும்."

ஆற்றோரச் சாலையில் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான். முதலில் கோபம் வந்தது. தான் ஆடிய ஆட்டம் முழுவதும் ஒருவன் கையைத் தூக்கியதால் கிடைத்தது என்று நினைத்தபோது முகம் சுட்டது. வண்டியைப் பாலத்துக்குக் கீழே ஓரங்கட்டினான். ஒரு சரக்குப் படகு நிலக்கரி ஏற்றிக்கொண்டு போனது. அது தாண்டிப் போகும்வரை பார்த்தான். கையைத் தூக்கினவன் குமட்டிக்கொண்டு குடித்ததும் நினைவுக்கு வந்தது. ஒருமுறையாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வெர்ன் ஜாடியோடு அசடாக நிற்க வேண்டியிருந்திருக்கும். அதனால் குடித்தான். கோபத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி தேடினான். அகப்படவில்லை. தான் உள்ளே நின்ற நேரங்களில் ஒருவனின் முட்டி ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது என்பதும், அது தனக்குத் தெரியாமலே நடந்தது என்பதும் மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. வண்டியை மறுபடி கிளப்பியபோது அவனுக்கு டெலானோவிடம் ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. என்னவென்று தெரியவில்லை.

வீட்டில் டாரீனிடம் சொன்னான். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இத்தனை வருஷமா என் ஊறுகாய்த் தண்ணியைக் குமட்டிக்கிட்டா குடிச்சான்? கோபம் எனக்கில்ல வரணும்! உனக்கு எதுக்கு?"

வியாழக்கிழமை கைலர் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றான். கஸ் அவனைச் சுற்றிவந்து பார்த்தான்.

"வழி தவறி வந்துட்டியா தம்பி?"

"கோப்பை வாங்கணும்ல அண்ணே."

டெலானோ ஊன்றுகோல்களோடு காரிலிருந்து இறங்கினான். ஐவனெட் பிடிக்க வந்தாள், வேண்டாம் என்றான். எல்லாரும் அரைவட்டமாக நின்றார்கள். வெர்ன் கடைசியில், ஷூ நாடாவைக் கட்டுகிற மாதிரி குனிந்துகொண்டான்.

லூ தொண்டையைச் செருமினார். "விட்ஃபீல்ட், உன் இடத்துக்கு ஆள் யாரு?"

"கோவாச்."

லூ வாயைத் திறந்தார். ஏன் என்று கேட்கும் உரிமை இல்லாததால் மூடிக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது.

"கேக்க மாட்டீங்க, தெரியும், நானே சொல்லிடறேன்" என்றான் டெலானோ. "இந்தக் கைலர் நான் நல்லா இருந்தப்போகூட என்னைவிட வேகம். ஆனா பந்து உள்ள இருந்தா இவனும் உள்ள பாஞ்சுடுவான். இவன் பாஞ்ச மறுநிமிஷம் அஞ்சாம் நம்பர் இவன் இருந்த இடத்து வழியா வீட்டுக்குப் போயிடுவான். கோவாச் பாயமாட்டான். எனக்கு எப்படித் தெரியும்னா, நான் வாரா வாரம் பெஞ்சுல உக்காந்து அவனைத்தான் பாத்திருக்கேன். என்னால சில சமயம் அடக்க முடியாது, பாஞ்சிருக்கேன். அவன் ஒருதடவைகூடப் பாஞ்சதில்ல. பாவம் பாத்துச் சொல்லல. என் தலை உருளும்ல?"

கடைசி வாக்கியத்தை அவன் வெர்னைப் பார்த்துச் சொன்னான்.

வெர்ன் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"தாத்தாவுக்கு வாழ்த்துகள்" என்றான் கைலர். "பக்கத்துல ஆம்புலன்ஸை நிறுத்திவைங்க."

"நீ பயிற்சிக்கு வந்திருக்கியே, அதுக்கே ஒண்ணு கூப்பிடணும்" என்றான் கஸ். லூ விசில் ஊதினார்.

சனிக்கிழமை ஒலிபெருக்கி அவன் பெயரைச் சொன்னது. இடது ஓரம், வெர்னன் கோவாச். இரண்டு வரிசைக்கு நடுவே ஓடினான். ஓடும்போது டாரீனும் மகளும் எந்தப் பக்கம் என்று பார்க்க நினைத்திருந்தான். பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே ஓடி முடித்துவிட்டான். வரிசையின் கடைசியில் டாரீனின் குரல் மட்டும் கேட்டது: "தலையைத் தூக்குய்யா!"

வில்லபி முதல் முறை பந்தை எடுத்தபோதே அஞ்சாம் நம்பர் அவன் பக்கம் வந்தான். வெர்ன் சரியாகத்தான் நின்றான். ஆனால் அவ்வளவு வேகத்தை அவன் பார்த்ததில்லை. கை நீட்டினான், காற்றுதான் கிடைத்தது. அஞ்சாம் நம்பர் கோட்டோரமாகவே ஓடிக் கடைசிக் கோட்டைத் தாண்டினான். ஆறு புள்ளி. ஊர் மொத்தமும் உட்கார்ந்தது. லூ தொப்பியைத் தரையில் அடித்தார். கைலர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றான்.

வெர்ன் பெஞ்சைப் பார்த்தான். டெலானோ திட்டவில்லை. ஊன்றுகோலைக் கிடையாகப் பிடித்து இரண்டு முறை வெளிப்பக்கம் ஆட்டினான். இன்னும் ரெண்டடி தள்ளி நில்.

தள்ளி நின்றான். வேகத்தில் முடியாததைத் தூரத்தில் ஈடுகட்டலாம். அடுத்த முறை அஞ்சாம் நம்பர் சுற்றிக்கொண்டு வந்தபோது வெளியே இடம் இல்லை. முகத்துக்கு நேரே வெர்னின் நீண்ட கைகள். உள்ளே திரும்பினான். அமுக்கினார்கள். ஒலிபெருக்கி யாரோ ஒருவன் பெயரைச் சொன்னது. அதற்கடுத்த முறையும் அப்படியே. ஒருமுறை பந்து நடுவில் போவது போலக் காட்டினார்கள். வெர்னின் உடம்பு முழுவதும் உள்ளே போ என்றது. கால்களை மண்ணில் ஊன்றிக்கொண்டு நின்றான். பந்து நடுவில் இல்லை. ஒரு நொடி கழித்து அஞ்சாம் நம்பர் அதை இடுக்கிக்கொண்டு ஓரமாக வந்தான், வெர்னைப் பார்த்தான், சலித்துக்கொண்டு உள்ளே திரும்பினான்.

"பெருசு, உனக்கு வீடு வாசல் இல்லையா?" என்றான் எழுந்திருக்கும்போது.

"இதுதான்" என்றான் வெர்ன்.

மூன்றாம் பாகம் வந்தது. ஏழெட்டு முறை முடிந்ததும் உடம்பு தானாக வெளியே பார்த்தது. யாராவது வந்து தோளைத் தட்டிப் போகச் சொல்ல வேண்டிய நேரம். யாரும் வரவில்லை. நாலாம் பாகத்துக்குப் போகிற கால் எப்படி இருக்கும் என்று அவனுக்கு இத்தனை வருஷத்தில் தெரிந்திருக்கவில்லை. இப்போது தெரிந்தது. கல்லைக் கட்டினது மாதிரி. டெலானோ ஒவ்வொரு வாரமும் இதற்குத்தான் கையைத் தூக்கினானா என்று நினைத்தபோது, ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்தான்.

நாலாம் பாகத்தில் பந்து அவன் பக்கம் வரவே இல்லை.

முதலில் அது உறைக்கவில்லை. நடுவில் போனது, வலது பக்கம் போனது, மறுபடி நடுவில். ஒவ்வொரு முறையும் வெர்ன் காலை ஊன்றிக் காத்திருந்தான். எல்லாம் வேறெங்கோ நடந்து முடிந்தது. அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது. கடைசி ஆட்டம், கடைசிப் பாகம். ஒரு பந்தாவது வரக்கூடாதா? விலகி நிற்கிற சுவர் மாதிரி நின்றான். லூ அதற்குள் விஷயத்தைப் பிடித்துவிட்டார். இடது பக்கம் உதவிக்கு நிறுத்தியிருந்த ஆளை எடுத்து வலது பக்கம் கஸ்ஸுக்குத் துணையாகப் போட்டார். வில்லபி போன வழியெல்லாம் ஒரு ஆள் அதிகமாக இருந்தான். கைலரையும் அங்கேதான் இறக்கினார். உள்ளே பாய ஆள் தேவைப்பட்ட இடம் அது. பாய்ந்தான், அமுக்கினான். அவன் பெயரை இரண்டு முறை சொன்னார்கள்.

ஆட்டம் ஒருமுறை நின்றபோது வெர்ன் தண்ணீர் குடிக்க ஓரத்துக்கு வந்தான்.

"ஒண்ணுமே வரமாட்டேங்குது டெல். நான் சும்மா நிக்கறேன்."

டெலானோ அவனைப் பார்த்த பார்வையில் சிறைக்காவலன் தெரிந்தான். உள்ளே இருப்பவன் முட்டாள்தனமாக ஏதாவது கேட்டால் பார்க்கிற பார்வை.

"சும்மாவா நிக்கறே? அவனுங்க அந்தப் பக்கத்தையே விட்டுட்டானுங்க. பாதி மைதானத்தை நீ பூட்டி வெச்சிருக்கே. எனக்கு இது ஒருதடவைகூட நடந்ததில்லடா. ஒருதடவைகூட!"

வெர்ன் தண்ணீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். மிதிபடாத புல்.

"ரொம்ப நன்றிடா" என்றான். அதுதான் சொல்ல வேண்டியதாக இருந்தது என்று சொன்ன பிறகு தெரிந்தது.

"எதுக்கு?"

"நீ உக்காந்ததுக்கு."

"நீ நின்னதுக்கு" என்றான் டெலானோ. "போ, விசில் அடிச்சாச்சு."

கெல்சி லேண்டிங் நாலு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. கடைசியாக வில்லபி பந்தைப் பறிகொடுத்தது வலது பக்கத்தில். எல்லாரும் அங்கே ஓடிக் குவிந்தார்கள். வெர்ன் தூரத்தில் இருந்ததால் கடைசியில் போய்ச் சேர்ந்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து மழை. வலது தோளைத் தூக்க முடியாததால் டாரீன் சட்டை மாட்டிவிட்டாள். தேவாலயத்துக்குக் கிளம்பும்போது சாலைப் பராமரிப்பிலிருந்து கூப்பிட்டார்கள். ஆற்றோரச் சாலையில் இலை அடைத்துத் தண்ணீர் தேங்கியிருந்தது. அவன் போய் இடது கையால் மண்வெட்டி பிடித்து இரண்டு வடிகால்களைத் திறந்தான். திரும்பி வரும் வழியில் தோள்கவசத்தையும் ஹெல்மெட்டையும் லூவின் வீட்டில் கொடுத்தான். லூ தூங்கிக்கொண்டிருந்தார், அவர் மகள் வாங்கி வைத்தாள். டெலானோவுக்கு அந்த வாரக் கடைசியில் அறுவை சிகிச்சை என்று ஐவனெட் தொலைபேசியில் சொன்னாள். வெர்ன் கோழிச் சூப் குடித்துவிட்டுப் படுத்தான். மழை சாயந்திரம்தான் விட்டது.